நடுக் கட்டம்

சேந்த் ஆந்த்ரேயில் மழை விடாத பிப்ரவரி.
தகரக் கூரையின் இரைச்சலுக்கு மேல்
குரலை ஏற்றி விதிகளைச் சொல்கிறேன்:
நூற்றிருபது வாக்கியங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
சரி தவறு என்று எதுவும் கிடையாது,
யோசிக்காதீர்கள், முதலில் தோன்றுவதுதான் நீங்கள்.

கடைசி வரி கையேட்டில் இல்லை.
நானாகச் சேர்த்துக்கொண்டது.

பதினொரு பேர்.
முதியோர் இல்லத்தின் இரவு வேலைக்கு
நான்கு இடங்கள்.

'ஒழுங்கை விரும்புகிறேன்.'
எல்லோருக்கும் ஐந்து.
மேசைக்கடியில்
ஒருவர் செருப்பு இன்னொருவர் காலருகே கிடக்கிறது.

'எனக்கு எளிதில் கோபம் வராது.'
அழித்து அழித்து
ஒருவருக்குத் தாளே கிழிந்துவிட்டது.

'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.'
இது பொறி.
ஐந்து போடுகிறவர் பொய்யர் என்பது கணக்கு.
வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
எலிப்பொறி வைக்கிறவரும்
வீட்டுக்காரர்தானே.

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
எவ்லின் கனகி, ஐம்பத்திரண்டு வயது.
பெயர்க் கட்டத்துக்கு வெளியே சின்ன எழுத்தில்
கோயிலில் மட்டும்: தனபாக்கியம்.

நாற்பத்தேழாவதைத் தொட்டுக் காட்டினாள்.
'நான் அதிகம் பேசுவேன்.'
யாரிடத்தில், என்றாள் கிரியோலில்.
வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.
பேருந்தில் இறங்கும்வரை பேசுவேன்.
சாகக் கிடக்கிறவர்களிடம் விடியவிடியப் பேசுவேன்,
அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.
இதில் எந்தக் கட்டம்?

பொதுவாக, என்றேன்.

பொதுவாக நான் எங்கே இருக்கிறேன்?

அந்த நேரம் பார்த்து மழை ஓய,
பத்துப் பேருக்கும் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.
நாற்பத்தேழிலிருந்து நூற்றிருபதுவரை
மூன்று, மூன்று, மூன்று.
உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை.
தையல் போட்டதுபோல் ஒரே நேர்கோடு.
கணினி சிவப்பில் சொன்னது:
விடைகள் செல்லாது, கவனக்குறைவு.

அந்த நேர்கோட்டில்
எனக்குக் கவனம்தான் தெரிந்தது.
ஆனால் எனக்குத் தெரிவதற்குக் கட்டம் இல்லை.

பயிற்சிக் காலத்தில் எனக்கும் இதே தாளைக் கொடுத்தார்கள்.
பிரெஞ்சில் நான் கலகலப்பானவள், எழுபத்தெட்டு.
அன்றிரவே தமிழில் பெயர்த்து
எனக்கு நானே வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.
மிச்ச முப்பத்தேழும்
காரைக்காலுக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே
கடலில் விழுந்தன என்று எழுதினால் கவிதையாகிவிடும்.
மொழிபெயர்ப்புப் பிழை என்று குறித்துவைத்தேன்.

அவள் தாளில் எழுதினேன்: மறுதேர்வு.

இரண்டு வாரம் கழித்து வந்தாள்.
வெயில். கூரை அமைதியாக இருந்தது.
இருபது நிமிடத்தில் முடித்தாள்.
நான்குகள், ஐந்துகள்,
நம்பும்படி இங்குமங்கும் ஓர் இரண்டு.
ஒழுங்கு தொண்ணூறு, பொறுமை தொண்ணூற்றிரண்டு.
கோடைகாலத்து மாந்தோப்பு மாதிரி
பச்சையாக நின்றது கணினி.

எப்படி, என்று கேட்டிருக்கக் கூடாது.
கேட்டேன்.

யாரிடத்தில் என்று அன்றைக்குத் தெரியவில்லை,
இன்றைக்கு முடிவு செய்துகொண்டு வந்தேன், என்றாள்.
உங்களிடத்தில்.

பேனாவை மூடி, என் பக்கமாகத் திருப்பி வைத்து,
குடையில்லாமல் போனாள்.

நான்கு பேரில் முதல் பெயராக அவளை அனுப்பினேன்.
பிறகுதான் தாளை மறுபடி பார்த்தேன்.
பொய் சொன்னதில்லை என்ற வாக்கியத்தில் மட்டும்
பேனா வெகுநேரம் நின்றிருக்கிறது.
மை ஊறி, பின்பக்கமும் தெரிந்த
ஒரு மூன்று.